அரில் என்றொரு சொல்

ஜூன் விடுமுறையில் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலை ஏறப் போயிருந்தேன். அவளுக்கு இந்த ஆண்டு தொடக்கநிலை ஐந்து. பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கி, ஹிண்ட்ஹீட் டிரைவ் வழியாக நடந்து, காட்டின் வாசலுக்கு வரும்போது காலை ஏழரை இருக்கும். இரவு பெய்த மழை மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் அவள் பாதையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். களைப்பு என்று நினைத்தேன். இல்லை.

"அத்தை, அண்டர்குரோத்துக்குத் தமிழ்ல என்ன?"

பெரிய மரங்களுக்குக் கீழே மண்டி வளர்வதைக் கேட்கிறாள். புதர் என்றேன், யோசிக்காமல்.

அவள் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். "புதர்னா ஒண்ணு ஒண்ணா, உருண்டையா இருக்குமே. நம்ம புளோக்குக்குக் கீழ இருக்கே, அது மாதிரி. இது அப்படி இல்லையே அத்தை. எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னே தெரியலையே."

அவள் சொன்னது சரி. பெரிய மரங்கள் மேலே எங்கோ வானத்தில் இலை விரித்திருந்தன. எங்கள் கண் மட்டத்திலிருந்து தரை வரைக்கும் இருந்தது வேறொரு உலகம். முழங்கால் உயரத்துக்கு மரக்கன்றுகள், அவற்றின் மேல் சாய்ந்த பெரணி இலைகள், விழுந்து மட்கும் கிளை ஒன்று, அதைச் சுற்றிக்கொண்டு போகும் கொடி, கொடியின் மேல் இன்னொரு கொடி. எல்லாவற்றுக்கும் நடுவில் முள் நிறைந்த தண்டுகள் எந்தத் திசை என்றில்லாமல் வளைந்து போயின. எந்த இலை எந்தச் செடியுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதைப் புதர் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கும் அநியாயம், இந்த இடத்துக்கும் அநியாயம்.

கைப்பேசியில் தட்டிப் பார்த்தோம். 'குறைவளர்ச்சி' என்று வந்தது. சொல்லை இரண்டாக உடைத்து, போதுமான அளவு வளராதது என்று பொருள் பண்ணிவிட்டது. எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. இந்தத் தீவிலேயே அடர்த்தியாக வளர்ந்து கிடக்கிற இடத்தின் முன்னால் நின்றுகொண்டு, பத்து வயதுப் பிள்ளை தன் தாய்மொழியில் வாங்கிய விடை அது. தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கும், வீட்டுக்குப் போய்த் தேடிச் சொல்கிறேன் என்றேன். அந்தத் தேடல் எனக்கு மூன்று வாரம் எடுத்தது. கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புதர். இதன் பழைய வடிவம் புதல். லகரத்தில் முடியும் சொல் ரகரத்துக்கு மாறுவது நம் மொழியில் வழக்கம்தான்: பந்தல் பந்தர் ஆகும், சாம்பல் சாம்பர் ஆகும், குடல் குடர் ஆகும். கடைப்போலி என்று பள்ளியில் படித்திருப்போம். மற்ற இணைகளில் பெரும்பாலும் லகர வடிவம்தான் பேச்சில் தங்கியது. புதலுக்கு மட்டும் தலைகீழாக நடந்திருக்கிறது. புதல் ஏட்டில் தங்க, புதர் வாய்க்கு வந்தது. தெலுங்கில் பொத என்றும், பழைய கன்னடத்தில் பொதர் என்றும் உறவுக்காரச் சொற்கள் இருக்கின்றன. தமிழிலேயே பொதும்பர் என்று மரச்செறிவுக்கு ஒரு பெயர் உண்டு. புதை, பொதி என்ற வினைகளை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. உள்ளே ஒன்றை மூடி வைத்துக்கொள்ளும் செயல்தான் இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் எனக்குக் கேட்கிறது.

திருவள்ளுவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். 274-ஆம் குறளில், தவ வேடத்தில் ஒளிந்துகொண்டு தகாததைச் செய்கிறவனை, 'புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' என்கிறார். புதருக்குப் பின்னால் மறைந்திருந்து வேடன் பறவை பிடிப்பதைப் போல. ஒளிவதற்கும் ஏமாற்றுவதற்கும் வசதியான இடம். இன்றைக்கும் புதர் என்ற சொல் அந்தச் சாயலோடுதான் புழங்குகிறது. 'புதர் மண்டிக் கிடக்கிறது' என்று ஒரு செய்தியில் படித்தால், அடுத்த வரியில் பாம்பும் கொசுவும் வந்துவிடும். யாரோ பராமரிக்கத் தவறிய இடம் என்று பொருள்.

இதே சொல்லைக் குறுந்தொகை எவ்வளவு வேறாகப் பார்க்கிறது! 98-ஆம் பாட்டில் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நம் தோட்டத்தில், 'நீர்வார் பைம்புதல் கலித்த மாரிப் பீரத்து அலர்சில கொண்டே' யாராவது அவரிடம் போய், இவள் இப்படி ஆகிவிட்டாள் என்று சொன்னால் நன்றாயிருக்குமே. நீர் வழியும் பச்சைப் புதரில் தழைத்த பீர்க்கின் மழைக்காலப் பூ, அவள் உடலில் படர்ந்திருக்கும் பசலையின் மஞ்சள். அந்தப் புதரில் ஒளிந்திருப்பவர் யாரும் இல்லை. அவள் வாயால் சொல்ல முடியாததை அது மலர்த்தி வைத்திருக்கிறது. ஆனாலும் அதுவும் தோட்டத்துப் புதல்தான். தனித்து நிற்பது, சுற்றி வந்து பார்க்கக்கூடியது. காட்டுக்குள் நான் பார்த்த பின்னல் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். மன்னார்குடிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து ஐம்பது வருடமாகிறது. காட்டில் நான் எடுத்த படத்தைக் காட்டி, "இதை ஊர்ல என்ன சொல்லுவீங்கம்மா?" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "தூறு. ஆத்தங்கரைல இப்படித்தான் தூறா கெடக்கும். ஆடு உள்ள போயிட்டா இழுத்துட்டு வர்றதுக்குள்ள கையெல்லாம் கீறிப்புடும்." கையில் பழைய கீறல் இருப்பதைப் போல முழங்கையைத் தடவிக்கொண்டார்.

தூறு நல்ல சொல். அடர்ந்து மண்டிய சிறுசெடிக் கூட்டம் என்று அகராதியும் சொல்கிறது. ஆனால் இந்தச் சொல்லை எடுத்துக் குழந்தையிடம் கொடுக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. தூற்றுதலிலிருந்து வந்த தூறு, பழிச்சொல் என்ற பொருளில், இதே இரண்டு எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேர் வேறு, வடிவம் ஒன்று. அதோடு இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தூறு என்றால் முதலில் தூறல்தான் நினைவுக்கு வரும். சரி, இதையும் வைத்துக்கொள்வோம், இன்னும் தேடுவோம் என்று விட்டேன்.

நான் தேடிய சொல் கடைசியில் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் கிடைத்தது.

இரண்டாவது தடவை தனியாகப் போயிருந்தேன். எதிரில் ஒரு பெரிய கூட்டம் இறங்கி வந்தது. வழி விட ஓரமாக ஒதுங்கினேன். அவர்கள் போனதும் நகரப் பார்த்தால் தோள்பட்டையில் யாரோ பிடித்து நிறுத்துகிறார்கள். திரும்பினேன். ஒரு மெல்லிய சாட்டை, என் விரலைவிட மெலிதானது, எங்கோ உள்ளிருந்து நீண்டு வந்து என் சட்டையைக் கவ்வியிருந்தது. சாட்டை நெடுக, சின்னப் பூனை நகங்கள் போல, வளைந்த முள் கொத்துகள். எல்லா முள்ளும் பின்னோக்கி வளைந்தவை. முன்னால் இழுத்தால் இன்னும் ஆழமாக ஏறும். ஒரு அடி பின்னால் போய், ஒவ்வொரு கொத்தாக எடுத்துவிட்டால்தான் விடும். அது பிரம்பு. அந்தச் சாட்டையை வீசித்தான் பக்கத்து மரத்தைப் பற்றிப் பற்றி, தனக்கென்று ஒரு தடித்த அடிமரம் இல்லாமலே, அது வெளிச்சத்துக்கு ஏறுகிறது.

இங்கே வளர்ந்த தமிழர்களுக்குப் பிரம்பு என்பதைவிட ரோத்தான் என்பதுதான் கிட்டத்துச் சொல். மளிகைக் கடை வாசலில், சிவப்பும் பச்சையுமாக பிளாஸ்டிக் பிடி போட்டு, கட்டாகத் தொங்கும். எங்கள் வீட்டில் அலமாரிக்கு மேலே இருந்தது. அம்மா அதை எடுக்க வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தாலே போதும். மலாய்க்காரர்களின் ரோத்தான் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பிரம்பின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது அண்மையில்தான் எனக்குத் தெரிந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஈரநிலங்களில் வளரும் பிரம்புக்கு லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் கலாமஸ் ரோட்டாங். நம் ஊர்ப் பொய்கைக்கரைச் செடிக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயரில் பாதி, சிங்கப்பூர் மளிகைக் கடையில் நான் கேட்டு வளர்ந்த சொல்.

முள்ளை விடுவித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த வரி வந்தது. எப்போதோ படித்தது.

'அரில்பவர்ப் பிரம்பின் வரிப்புற விளைகனி
குண்டுநீர் இலஞ்சிக் கெண்டை கதூஉம்'

குறுந்தொகை 91, ஔவையார் பாடியது. பின்னிக் கிடக்கும் கொடியாகிய பிரம்பு. அதன் மேல்தோலில் வரி இருக்கும் முற்றிய பழம். ஆழமான நீருள்ள பொய்கையில் அது விழ, கெண்டை கவ்விக்கொள்கிறது. மருதத் திணைப் பாட்டு, தலைவனின் ஒழுக்கத்தைச் சாடுவது. எனக்கு அன்றைக்கு அந்தச் சாடல் எதுவும் மனதில் நிற்கவில்லை. முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அரில்.

அகராதியில் அரிலுக்குப் பின்னல், பிணக்கம், சிறுகாடு, மூங்கில், குற்றம் என்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு எழுத்தில்லை, மூன்று எழுத்து, அவ்வளவுதான். அதற்குள் நான் பார்த்த இடம் முழுவதும் இருக்கிறது: கொடியும் கிளையும் முள்ளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, பிரிக்க முடியாமல், தாழ்வாகக் கிடக்கும் காடு. இது ஒரு செடியின் பெயர் இல்லை. செடிகள் ஒன்றோடொன்று இருக்கும் விதத்தின் பெயர். அண்ணன் மகள் கேட்டதும் அதைத்தான். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாத ஒன்றுக்குப் பெயர்.

ஔவையார் அதை எவ்வளவு அருகில் போய்ப் பார்த்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 'வரிப்புற விளைகனி' என்பதை முன்பெல்லாம் அழகுக்குச் சொன்ன அடைமொழி என்று தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குப் பாதையில் ஒரு பிரம்பம்பழம் விழுந்து கிடந்தது. காப்புக்காட்டில் எதையும் எடுக்கக் கூடாது, குனிந்துதான் பார்த்தேன். கோலிக்குண்டு அளவு. தோல் முழுக்கச் செதில்கள், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்று, காம்பிலிருந்து நுனி வரை நேர் வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் ஒரு கருங்கோடு. கோடுகள் சேர்ந்து வரிகளாகின்றன. ஈரச்சந்தையில் சாலாக் பழம் வாங்கியிருப்பவர்களுக்குத் தெரியும், பாம்புத்தோல் போல இருக்குமே, அதன் சின்னத் தங்கை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பொய்கைக் கரையில் உட்கார்ந்து இதை உற்றுப் பார்த்த ஒருவர்தான் வரிப்புறம் என்று எழுதியிருக்க முடியும். கற்பனையில் வராது.

அப்புறம் இந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று? தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தில் பனம்பாரனார், தொல்காப்பியர் தம் நூலை அதங்கோட்டாசான் என்ற ஆசிரியருக்கு 'அரில்தபத் தெரிந்து' காட்டினார் என்கிறார். குற்றம் நீங்க ஆராய்ந்து என்று உரை. அங்கே அரில் காட்டை விட்டு வந்துவிட்டது. பின்னல் சிக்கலாகி, சிக்கல் குழப்பமாகி, குழப்பம் குற்றமாகிவிட்டது. இலக்கண நூலுக்கு முன்னால் அதைக் கத்தி வைத்து வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. பிணக்குக்கும் இதே கதைதான். பிணைந்து கிடப்பது என்ற பொருள் போய், இன்று சண்டை போட்டுக்கொண்ட இரண்டு சொந்தக்காரர்களுக்கு நடுவில் மட்டும்தான் பிணக்கு வருகிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. புதல், ஏமாற்றுக்காரன் ஒளியும் இடம். தூறு, பழியோடு ஒரே கூரையின் கீழ். அரில், குற்றம். மரத்தின் கீழே வளர்வதற்கு நம்மிடம் சொல் இல்லாமல் போகவில்லை. இருந்த சொற்களின் மேலெல்லாம் கறை படிந்துவிட்டது. நிலத்தை உழுது வாழ்ந்த சமூகத்துக்குப் பின்னிக் கிடப்பது எதுவும் வேலை வைக்கும் விஷயம்தான், வெட்டித் திருத்த வேண்டியதுதான், எனக்குப் புரிகிறது. மலாயிலும் இப்படி நடந்திருக்கிறது. பிரம்பின் அந்த வளைந்த முள்ளுக்கு அவர்கள் ஓனாக் என்பார்கள். 'ஓனாக் டான் டூரி' என்றால் வாழ்க்கையில் படும் துன்பங்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் மாக்சிக்கிடம், அதாவது மலாய் அத்தையிடம், இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, 'டாரி செமாக் கெ பெலுக்கார்' என்று ஒரு பழமொழி சொன்னார். செமாக்கிலிருந்து பெலுக்காருக்கு. ஒரு தொல்லையை விட்டு அதே மாதிரி இன்னொரு தொல்லைக்குள் போய் விழுவது.

ஆனால் மலாய் ஒரு வேலையைச் சரியாகச் செய்து வைத்திருக்கிறது. செமாக் தாழ்ந்த செடிப் பின்னல். பெலுக்கார், வெட்டிய நிலத்தில் தானாக முளைத்து ஏறும் இரண்டாம் காடு. ரிம்பா, கைபடாத பெருங்காடு. மூன்றும் மூன்று. இதில் பெலுக்கார் இந்தத் தீவின் கதையையே சொல்லும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே, தோல் பதனிட உதவும் காம்பியர் செடியைப் பயிரிட்டார்கள். இலையை வேகவைக்க விறகுக்குச் சுற்றுக் காட்டை வெட்டினார்கள். பதினைந்து இருபது வருடத்தில் மண் சத்தெல்லாம் போய்விடும், நிலத்தைக் கைவிட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். அப்படிக் கைவிட்ட மண்ணில் லாலாங் புல் வந்தது, பெரணி வந்தது, பிறகு மெதுவாகச் சிறுமரங்கள் வந்தன. கெண்ட் ரிட்ஜ் பூங்காவில் இன்றும் பார்க்கலாம். தியுப் தியுப் என்ற மரம் அங்கே அதிகம். தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம் 1954-இல் அதைப் பற்றி எழுதியபோது, ஆங்கிலத்தில் எழுதினாலும் தலைப்பில் பெலுக்கார் என்றே போட்டார். அந்த நிலத்துக்கு அந்தச் சொல்தான் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் சொல்லுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அரிலுக்குள் இருப்பது குப்பை இல்லை.

புக்கிட் தீமாவில் மேல் இலைகளைத் தாண்டித் தரைக்கு வரும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த அரையிருட்டில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் செடிகளில் பல, செடிகளே இல்லை. மேலே வானத்தைத் தொடும் சேராயா மரங்களின் கன்றுகள். நாலைந்து இலையோடு, வளராமல், சாகாமல், வருடக்கணக்கில் காத்திருக்கும். என்றைக்காவது ஒரு பெரிய மரம் சாய்ந்து மேலே ஓட்டை விழும்போது, அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். நாம் தென்னம்பிள்ளை என்கிறோம், மாங்கன்று என்கிறோம், பனைக்கு வடலி என்கிறோம். ஒவ்வொரு மரத்தின் குழந்தைக்கும் பெயர் வைத்துக் கொஞ்சிய மொழி இது. அந்தக் குழந்தைகள் எல்லாம் கூட்டமாக நிற்கும் இடத்துக்குக் குற்றம் என்று பொருள் வந்துவிட்டதை எப்படிப் பொறுப்பது?

1854-இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இந்த மலையடிவாரத்தில் தங்கி வண்டு சேகரித்தார். இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை. ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்புக்குள். சீன மரவெட்டிகள் சாய்த்துப் போட்ட மரங்களும், காய்ந்த இலையும், பட்டையும், மரத்தூளும்தான் தனக்கு அவ்வளவு வண்டுகளைக் கொடுத்தன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கீழே கிடந்ததில்தான் எல்லாம் இருந்தது. இந்தக் காட்டைக் காப்புக்காடாக அறிவித்தது அதற்குப் பிறகு, 1883-இல். 163 மீட்டர் உயரமுள்ள இந்தச் சின்ன மலையில் ரிம்பா கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது.

மூன்றாவது வாரம் அண்ணன் மகளை மறுபடி கூட்டிப்போனேன். அதே ஏற்றம், அதே கம்பி. பிரம்புச் சாட்டையைத் தொடாமல் காட்டினேன். "அரில்" என்றேன். "இது எல்லாம் சேர்ந்தது."

"அரில்" என்று சொல்லிப் பார்த்தாள். "அறிவு மாதிரியா அத்தை, எந்த ர?"

"சின்ன ர. அரிசி மாதிரி."

பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பாட்டு வரியை நான் சொல்லச் சொல்ல, நின்றுகொண்டே, கோணலாக எழுதினாள். கதூஉம் என்பதில் அந்த உகரம் எதற்கு என்று கேட்டாள். ஓசை நீள்வதற்கு என்றேன், மீன் வாயைத் திறந்துகொண்டே வருகிற மாதிரி. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் ஒரு பழம் வரைந்து, செதில் செதிலாகக் கோடு போட்டாள். பழையபடி ஒரு பழம் கீழே கிடக்குமா என்று பாதை நெடுகத் தேடிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு ஒன்றும் இல்லை.

இறங்கியதும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். அடிவாரத்தில் ஹிண்ட்ஹீட் கற்சுரங்கம் இருக்கிறது. கருங்கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் இப்போது நீர் நிறைந்து ஏரியாக நிற்கிறது, சுற்றிலும் செங்குத்துப் பாறை. குண்டுநீர் என்றால் இதுதான். மரத்தடுப்பில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, கீழே பச்சையாகக் கிடந்த நீரையே பார்த்தாள்.

"இதுல கெண்டை இருக்குமா அத்தை?"

"ஏதாவது ஒரு மீன் இருக்கும்."

நீரின் ஓரத்தில், மரங்கள் சாய்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு வட்டம் எழுந்து விரிந்தது. இலை விழுந்ததோ, மீன் வந்ததோ. அவள் என் கையைப் பிடித்து அழுத்தி, பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தாள். இரண்டாவது வட்டத்துக்காக நின்றோம்.